புகையில்லா அடுப்பும் ஓர் இரண்டாம் சனிக்கிழமையும்

பொய் சொல்வது என்று முடிவு செய்துவிட்டால் கார்பன் பேப்பர் வைக்கக் கூடாது. இந்த எளிய உண்மையை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பத்தாம் வகுப்பில் சொல்லவில்லை, தட்டச்சு உயர்நிலைத் தேர்விலும் கேட்கவில்லை. ஜவ்வாது மலைக்குப் போய்த்தான் நான் அதைக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

எண்பதுகளின் நடுவில் வேலூரில் ஓர் அரசு அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தேன். (எந்தத் துறை என்று கேட்காதீர்கள். மாதா மாதம் பென்ஷன் வந்துகொண்டிருக்கிறது, வந்துகொண்டே இருக்கட்டும்.) வயது இருபத்து மூன்று. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை, தகுதிகாண் பருவம் முடிய இரண்டு மாதம் பாக்கி. அந்த இரண்டு மாதத்தில் என் வாழ்க்கையே தொங்கிக்கொண்டிருந்தது. ஏனென்றால் அப்பா தெளிவாகச் சொல்லியிருந்தார்: "வேலை பர்மனென்ட் ஆச்சின்னா உன் இஷ்டம். ஆவலன்னா பங்குனியில மாமன் மகனுக்குக் கட்டிக் குடுத்துடுவேன்." மாமன் மகன் ஆரணியில் இருந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் வாயில் எந்நேரமும் வெற்றிலை இருக்கும், அதனால் அவர் பேசுவது யாருக்கும் புரியாது. புரிந்த ஒன்றிரண்டு வார்த்தைகளும் கேட்கும்படி இல்லை.

என் பக்கத்து மேசை கஸ்தூரி. இளநிலை உதவியாளர், என் உயிர்த்தோழி, என் கேடுகாலம். அவள் திட்டம் போடுவாள், நான் டைப் அடிப்பேன். எங்கள் நட்பின் அமைப்பே அதுதான்.

"எத்தினி நாளைக்குடி வூடு ஆபீஸு, ஆபீஸு வூடு?" என்றாள் ஒரு நாள், டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டே. "ரெண்டாம் சனிக்கிழமை லீவு வருது. ஞாயிறு சேத்தா ரெண்டு நாள். நாம ரெண்டு பேர் மட்டும் எங்கனா போய்ட்டு வரலாம். ஜவ்வாது மலையில அருவி கீதாம். குளிக்கலாம், பலாப்பழம் தின்னலாம், ஒம்போது மணி வரைக்கும் தூங்கலாம்."

ஒன்பது மணி வரைக்கும் தூங்கலாம் என்ற இடத்தில் நான் விழுந்துவிட்டேன். எங்கள் வீட்டில் ஐந்து மணிக்கே தண்ணீர்க் குடத்தோடு எழுப்பிவிடுவார்கள்.

ஆனால் அந்தக் காலத்தில் கல்யாணமாகாத இரண்டு பெண்கள் தனியாகப் போய் எங்கே தங்குவது? மலையில் இருந்தது ஒரே ஓர் அரசு விடுதி. அதிலும் அலுவல் நிமித்தம் வருகிறவர்களுக்கு மட்டும்தான் இடம், கடிதம் வேண்டும். கஸ்தூரிக்கு அது ஒரு விஷயமே இல்லை. "கடுதாசிதானே? உன் எதுக்கதான மிஷின் கீது, அடி" என்றாள்.

"என்ன வேலையா வர்றோம்னு போடறது?"

அவள் மேசையைச் சுற்றிப் பார்த்தாள். மேலாக ஒரு கோப்பு கிடந்தது: புகையில்லா அடுப்புத் திட்டம். "இதுவே போதும்" என்றாள்.

அடித்தேன். மலைக் கிராமங்களில் புகையில்லா அடுப்புகளின் பயன்பாடு குறித்து நேரில் ஆய்வு செய்ய இந்த அலுவலகப் பணியாளர்கள் இருவர் வருவதாகவும், அன்னாருக்கு ஓர் அறை ஒதுக்குமாறும். அழகான கடிதம். இன்றைக்கு நினைத்தாலும் அதில் ஓர் எழுத்துப் பிழை கிடையாது. கீழே கஸ்தூரி 'அலுவலருக்காக' என்று போட்டு ஒரு கோழிக் கிறுக்கல் கிறுக்கினாள். எங்கள் அலுவலகத்தில் பாதிக் கடிதங்கள் அப்படித்தான் போகும், அதிகாரி கேட்கவே மாட்டார்.

இங்கேதான் என் கை எனக்குத் துரோகம் செய்தது. இரண்டு வருஷமாக ஒரு நாளைக்கு நாற்பது கடிதம் அடித்த கை அது. தாள் செருகும்போதே நடுவில் கார்பனையும் சேர்த்துச் செருகும். கடிதம் முடிந்ததும் நிற்காது. தானாகக் கீழே இறங்கி, 'நகல்: ஒன்றிய அலுவலகம், தக்க நடவடிக்கைக்காக. நகல்: கோப்பு' என்று அடிக்கும். மேலே போய் 'மிக அவசரம்' என்றும் அடிக்கும். எல்லாவற்றையும் அடித்து முடித்து, அசல் கடிதத்தைக் கஸ்தூரியிடம் கொடுத்தேன். நகல்களை எடுத்து வழக்கம்போலத் தபால் தட்டில் போட்டேன். (போட்டதே எனக்கு நினைவில்லை. சாப்பிட்டதும் கை கழுவுவதை யாராவது நினைவில் வைத்துக்கொள்வார்களா?)

எங்கள் தபால் பிரிவு எழுத்தர் முனிரத்தினம் ஒரு கடிதத்தை அடுத்த தெருவுக்கு அனுப்ப மூன்று வாரம் எடுத்துக்கொள்வார். அந்த வாரம் அவருக்கு என்ன வந்ததோ, அன்றைக்கே அனுப்பிவிட்டார்.

வீட்டில் "கேம்ப்" என்று சொன்னேன். அப்பா தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தார். சனிக்கிழமை விடியலில் கிளம்பி, போளூரில் பஸ் மாறி, மலை ஏறினோம். வளைவுக்கு வளைவு கஸ்தூரி கண்ணை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் சாய்ந்தாள், நான் அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டேன். ஆனாலும் குளிர்காற்று முகத்தில் பட்டபோது இருவரும் சிரித்தோம். பையில் மாற்றுப் புடவை, சீயக்காய்த் தூள், தேங்காய் எண்ணெய், முறுக்கு. அருவிக்கு வேண்டியது எல்லாம் இருந்தது. ஆய்வுக்கு வேண்டிய ஒரு பென்சில்கூட இல்லை.

பஸ்ஸை விட்டு இறங்கினோம். ஐம்பது வயதுள்ள ஒருவர் வெள்ளைச் சட்டையும் கக்கத்தில் குடையுமாக எங்களை நோக்கி ஓடி வந்தார். இரண்டு கையிலும் எலுமிச்சம்பழம். எனக்கு ஒன்று, கஸ்தூரிக்கு ஒன்று கொடுத்துவிட்டுக் கும்பிட்டார்.

"வணக்கம் மேடம். நான் தெய்வசிகாமணி, ஒன்றிய ஆபீசுல எக்ஸ்டென்ஷன் ஆபீசர். வேலூர்லருந்து நகல் வந்துச்சிங்க. 'மிக அவசரம்'னு போட்டிருந்தது. காலையில ஆறு மணிலருந்து நிக்கிறேன்."

கஸ்தூரி மெதுவாகக் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை இங்கே எழுத முடியாது, இது குடும்பத்தோடு படிக்கிற கட்டுரை.

"நகல் போட்டியாடி?" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

"பழக்கத்துல..." என்றேன். மாமன் மகன் வெற்றிலையோடு கண் முன்னால் வந்து நின்றார்.

"ரெண்டாம் சனிக்கிழமையில கூட டூட்டி பார்க்கிற மேடமுங்கள என் சர்வீசுல இப்பத்தாங்க பார்க்கிறேன்" என்றார் தெய்வசிகாமணி. பாராட்டா வயிற்றெரிச்சலா என்று தெரியவில்லை. அவருக்கும் அன்றைக்கு விடுமுறைதானே.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் 'ஐயா, நாங்கள் குளிக்க வந்தவர்கள்' என்று சொன்னால், அவர் மேலே எழுதுவார், போலிக் கையெழுத்து வெளியே வரும், இரண்டு பேருக்கும் வேலை போகும். கஸ்தூரி பெரிய திட்டக்காரி அல்லவா, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "சரி, போலாமா? டைம் ஆவுது" என்றாள் அதிகாரமாக. நானும் பின்னால் நடந்தேன், கையில் எலுமிச்சம்பழத்தோடு.

கொஞ்ச தூரத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒரு பக்கத்திலிருந்து தண்ணீர் விழும் சத்தம் மெலிதாகக் கேட்டது. "அருவி அந்தப் பக்கங்க மேடம்" என்றார் தெய்வசிகாமணி. "நமக்கு இந்தப் பக்கம்."

இந்தப் பக்கம் நாலு மைல். ஏற்றம். மேல்கொட்டாய் என்ற சிற்றூருக்குப் போய்ச் சேரும்போது என் செருப்பு வார் அறுந்திருந்தது. கஸ்தூரி முறுக்குப் பொட்டலத்தை ஆய்வுக் கோப்பைப் போல மார்போடு அணைத்திருந்தாள்.

முதல் வீட்டு அடுப்பு, புகை போகக் கூரைக்கு மேல் நீட்டிய குழாயோடு, அற்புதமாக இருந்தது. வெள்ளையடித்து, காவிப் பட்டை போட்டு, நடுவில் குங்குமம் வைத்து, கீழே கோலம் போட்டிருந்தார்கள். தொட்டுக் கும்பிடலாம் போலிருந்தது. ஒரு பொட்டு கரி இல்லை. "இதுல சமைக்கிறீங்களா?" என்று கேட்டேன். அந்த வீட்டு அம்மாள் தெய்வசிகாமணியைப் பார்த்தார். அவர் கூரையைப் பார்த்தார்.

இரண்டாவது வீடு பச்சையம்மாவுடையது. நாற்பது வயதிருக்கும், மலையில் சொந்தக் காட்டில் சாமையும் கேழ்வரகும் விதைக்கிறவர். அந்த வீட்டு அடுப்பின் வாய்க்குள் ஒரு கோழி உட்கார்ந்து எங்களை முறைத்தது.

"இன்னாம்மா இது, அடுப்புல கோழி?" என்றாள் கஸ்தூரி.

"அடை வெச்சிருக்கேன். பதிமூணு முட்டை" என்றார் பச்சையம்மா, எந்தப் பதற்றமும் இல்லாமல். "வாய் சின்னதா கீது, ஒரு கல்ல வெச்சி மூடிட்டா கீரி பூராது. கவர்மெண்டு நல்லாத்தான் கட்டிக் குடுத்துக்கீது."

"அப்ப சமையல்?"

"சமையலுக்கு அது கீதே" என்று மூலையைக் காட்டினார். மூன்று கல், அதன்மேல் பெரிய மண்பானை, கீழே ஆள் உயரத்துக்கு இரண்டு முழு விறகு எரிந்துகொண்டிருந்தது. புகையில் எங்கள் மூன்று பேருக்கும் கண்ணில் தண்ணீர் வழிந்தது. பச்சையம்மா மட்டும் புறங்கையால் துடைத்துக்கொண்டு பேசினார்.

"புகை கண்ண எரிக்கிறது நெசந்தாம்மா. யாரு இல்லன்னா? ஆனா இந்த ஓட்டையில எம் பானை உக்காருமா, நீயே பாரு. இந்த வாயில வெறகு போவணும்னா சாண் சாணா வெட்டணும். யாரு வெட்டறது? சரி, அதுகூட போவட்டும். மேல பாரு."

பார்த்தேன். அடுப்புக் கல்லுக்கு நேர் மேலே பரணில் கதிர்க் கட்டுகள் தொங்கின, புகை ஏறிக் கறுத்து.

"அடுத்த வருசத்து வெதை. புகை பட்டாத்தான் வண்டு அண்டாது. புகைய அப்படியே கொழாயில வெளிய தள்ளிட்டா நான் இன்னாத்த வெதைக்கிறது? எங்கள ஒரு வார்த்தை கேட்டுட்டுக் கட்டக் கூடாதா? ஓட்டைய பெருசா வெச்சி, கொழாயை கூரைக்கு மேல வுடாம பரணுக்கு கீழயே நிறுத்தினா, கண்ணுக்கும் நல்லது, வெதைக்கும் நல்லது. நானே எரிப்பேன். இத எழுதிக்கோம்மா."

நியாயமான பேச்சு. எங்கள் அலுவலகத்தில் அடுப்பைப் பற்றி இரண்டு வருஷமாக நான் அடித்த எந்தக் காகிதத்திலும் இவ்வளவு அறிவு இருந்ததில்லை. "எழுதிக்கிறேன்மா" என்றேன். மனதார, சத்தியமாகச் சொன்னேன்.

வெளியே வந்ததும் தெய்வசிகாமணி குடையை விரித்து, அதன் நிழலுக்குள் எங்களை இழுத்துக்கொண்டார்.

"மேடம், நான் புள்ளகுட்டிக்காரன். எல்லா அடுப்பும் ஜோரா எரியுதுன்னு போன மாசமே ரிப்போர்ட் போயிட்டுதுங்க. உங்க சாரே நேர்ல பார்த்ததா கையெழுத்துப் போட்டிருக்காரு."

"எங்க சார் வந்தாரா?"

"எங்கங்க வந்தாரு? போளூர்லயே டிபன் சாப்ட்டுட்டு, அங்கயே எழுதிட்டோம்." பிறகு பையிலிருந்து ஒரு பெரிய நோட்டை எடுத்தார். "ஆய்வுக் குறிப்பேடு. ரெண்டு வரி எழுதிடுங்க."

கஸ்தூரி உடனே வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "எனக்குச் சுளுக்கு" என்றாள். (மணிக்கட்டில் சுளுக்கு வந்தவள் ஐந்து நிமிஷம் முன்பு முறுக்கு உடைத்தாள்.) நான் எழுதினேன்: 'அடுப்புகள் பார்வையிடப்பட்டன.' பொய் இல்லை, பார்த்தோம்தான். யாராலும் படிக்க முடியாத ஒரு கையெழுத்தும் போட்டேன்.

"கீழ பேரும் பதவியும் தெளிவா போட்டுடுங்க மேடம். போன ஆடிட்டுல கேட்டாங்க."

போட்டேன். வேறு வழி? ஒவ்வோர் எழுத்துக்கும் கஸ்தூரி என் இடுப்பில் கிள்ளினாள்.

ஒன்பது மணி வரைக்கும் தூங்கும் திட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கே அவர் விடுதிக் கதவைத் தட்டினார். இன்னும் இரண்டு ஊர் பாக்கியாம். ஓர் ஊரில் அடுப்பில் புளி கொட்டி வைத்திருந்தார்கள், இன்னோர் ஊரில் அடுப்பே இல்லை, குழாய் மட்டும் இருந்தது. மத்தியானப் பஸ்ஸில் கஸ்தூரி போளூர் வரும் வரைக்கும் என்னோடு பேசவில்லை. போளூரில் இறங்கி, "வேலை போச்சின்னா உங்க மாமன் மகனுக்கு என்னையும் சேத்துக் கட்டி வெச்சிடு" என்றாள். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தோம்.

திங்கட்கிழமை பத்தரை மணிக்கு அதிகாரி கூப்பிட்டார். மேசைமேல் கோப்பு நகல் இருந்தது. முனிரத்தினம் பதிவு எண்ணெல்லாம் போட்டு அழகாக வைத்திருந்தார்.

"யார் கையெழுத்து இது?"

"நான்தான் சார்" என்றாள் கஸ்தூரி. அவளைப் பற்றி எத்தனை குறை சொன்னாலும், அந்த ஒரு நிமிஷத்துக்காக அவளை நான் எதற்கும் மன்னிப்பேன். "டைப் அடிச்சது நான் சார்" என்றேன் நானும்.

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்தார். டம்ளரை வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மலைக்கு மேலயே போய்ட்டீங்களா?"

"போனோம் சார்."

"அடுப்பெல்லாம்... பார்த்தீங்களா?"

"பார்த்தோம் சார்."

"எப்படி இருக்கு?"

இதுதான் இடம். பச்சையம்மா சொன்னது முழுவதும், ஓட்டை, குழாய், விதை எல்லாம், என் தொண்டை வரைக்கும் வந்தது. கூடவே பங்குனி மாசமும் வந்தது. என் வாய் என்னைக் கேட்காமலே திறந்தது.

"சார் ரிப்போர்ட்ல எழுதின மாதிரியே இருக்கு சார்."

அவர் முகத்தில் வந்த நிம்மதியை நான் வேறு எந்த மனிதர் முகத்திலும் பார்த்ததில்லை. மணியடித்து மூன்று காபி சொன்னார். நாங்கள் போனது முறையான ஆய்வுதான் என்று முன்தேதியிட்டு ஓர் ஆணை போட்டார். பிறகு ஆய்வறிக்கையை அவரே சொல்லச் சொல்ல நான் அடித்தேன். 'மலைவாழ் பெண்கள் கண்ணீர் மல்க நன்றி தெரிவித்தனர்.' கண்ணீர் மட்டும் உண்மை.

இரண்டு மாதத்தில் எனக்கு வேலை நிரந்தரமானது. 'புகையில்லா அடுப்புத் திட்டத்தில் தனி ஈடுபாடு உடையவர்' என்று குறிப்பு வேறு. மாமன் மகன் ஆரணியிலேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு, இன்றுவரைக்கும் சௌக்கியமாக மென்றுகொண்டிருக்கிறார். ஆனால் அந்தத் தனி ஈடுபாடு எங்களை விடவில்லை. இனி மாதா மாதம் இரண்டாம் சனிக்கிழமை மலைக்குப் போய் ஆய்வு செய்ய வேண்டும் என்று எங்கள் இருவர் பேருக்கும் ஆணை வந்தது. விடுமுறையைக் கொண்டாடப் போன எங்களுக்கு இரண்டு வருஷம் விடுமுறையே இல்லை. அந்த அருவியை நான் இன்றுவரை பார்க்கவில்லை.

ஆணை வந்த பிறகு முதல் தடவை மேல்கொட்டாய்க்குப் போனதும் பச்சையம்மா கேட்ட முதல் கேள்வி: "நான் சொன்னத எழுதுனியாம்மா?"

"எழுதிட்டேன்மா. பெரிய ஆபீசுக்குப் போயிருக்கு" என்றேன். அதற்கடுத்த மாதமும் கேட்டார். "வந்துடும்மா" என்றேன். மூன்றாவது மாதம் அவர் கேட்கும்போது நான் செருப்பைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டேன். ஐந்தாவது மாதம் அவர் கேட்கவில்லை. கடப்பாரையை எடுத்து, அடுப்பு ஓட்டையைத் தானே பெரிதாக இடித்து, விறகு வாயையும் அகலமாக்கி, குழாயைப் பரணுக்குக் கீழே உடைத்துவிட்டிருந்தார். பானை உட்கார்ந்து, முழு விறகு நின்று எரிந்து, களி வெந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டிலும் இடித்திருந்தார்கள். எங்களுக்குச் சுடச்சுடக் களி போட்டார், சாப்பிட்டோம்.

ஊருக்குத் திரும்பினால், சேதி எங்களுக்கு முன்னாலேயே அலுவலகத்துக்கு வந்திருந்தது. அரசுச் சொத்தைச் சேதப்படுத்தியதற்கு விளக்கம் கேட்டுப் பச்சையம்மாவுக்கு நோட்டீஸ் அடிக்கச் சொன்னார்கள். அடித்தேன். கார்பன் வைக்காமல் அடித்தேன். பிறகு அந்தத் தாளைத் தொலைத்துவிட்டேன். முப்பத்தேழு வருஷ சர்வீசில் நான் வேண்டுமென்றே தொலைத்த காகிதம் அது ஒன்றுதான். அதைச் செய்ய முடிந்த எனக்கு, அவர் சொன்ன நாலு வரியை ஓர் அறிக்கையில் சேர்க்கத் தைரியம் வரவில்லை. வேலை நிரந்தரமான பிறகும் வரவில்லை. அதுதான் வெட்கம்.

இந்தக் கதையைக் கஸ்தூரி என் கல்யாணத்தில் சொன்னாள், என் மகள் பெயர் சூட்டலில் சொன்னாள், என் பணி ஓய்வு விழாவில் ஒலிபெருக்கியில் சொன்னாள். அதனால் எங்கள் வீட்டில் நான் எதையாவது செய்துவிட்டேன் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. "கேஸ் சிலிண்டருக்குச் சொல்லிட்டேன்" என்றாலும், "மாத்திரை போட்டுட்டேன்" என்றாலும், மகளும் மருமகனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, மேல்கொட்டாய் ராகத்தில் கேட்பார்கள்: "எழுதுனியாம்மா?" என் கணவர் சிரிக்காத மாதிரி பேப்பரால் முகத்தை மூடிக்கொள்வார். பேத்தி பேசக் கற்றதும் அவளும் சேர்ந்துகொண்டாள்.

போன வாரம் கஸ்தூரி போன் செய்து, வழக்கம்போல ஹலோவுக்குப் பதிலாக அதையேதான் கேட்டாள். இந்தத் தடவை நான் தலைநிமிர்ந்து, "எழுதிகினுதான் இருக்கேன். ஓட்டை, கொழாய், வெதை, ஒண்ணு வுடாம" என்றேன்.



"நாப்பது வருசம் லேட்டுடி" என்றாள்.